சார் கைகாட்டிய ஒப்பு விண்மீன்

துறையின் ஆண்டு மலருக்கு "இனிய நினைவுகள்" எழுதித் தரச் சொல்லி இரண்டு இளம் பேராசிரியர்கள் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காபி கொடுத்துவிட்டு, மொட்டை மாடித் தொலைநோக்கியில் இப்போது என்ன வேலை நடக்கிறது என்று கேட்டேன்.

"இப்பல்லாம் மாடி ஏறுறதே இல்லீங்க மேடம். சாட்டிலைட் டேட்டா நெட்லயே கெடைக்குது. டவுன்லோட் பண்ணி புரோகிராம்ல போட்டா ஜல்தியா ரிசல்ட் வந்துரும்" என்றார் ஒருவர்.

"நல்லதுதானே. நீங்க அளக்குற விண்மீனோட பக்கத்து விண்மீன் வெளிச்சமும் கலந்துக்குதான்னு பாக்குறீங்களா?"

"அதெல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்கும் மேடம்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். இனிய நினைவுகள் என்னிடம் ஸ்டாக் இல்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் உருகப் போவதும் இல்லை. அந்தக் காலத்தில் தொலைநோக்கியை மூடியிருந்த எங்கள் டோம் ஒழுகியது, மோட்டார் பாதியில் நின்றது, புறா உள்ளே குடும்பம் நடத்தியது. செயற்கைக்கோள் எங்களைவிட நூறு மடங்கு நன்றாகப் பார்க்கிறது. பார்த்ததைப் பரிசோதிக்காமல் தலையாட்டுகிற மனிதர்கள்தான் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

என் பெயர் பிலோமினா. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் வேலை பார்த்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தே இணைப் பேராசிரியராக ஓய்வு பெற்றேன். துறைத் தலைவர் நாற்காலியில் ஒருநாளும் உட்காரவில்லை. என் வாய்தான் காரணம் என்பார்கள். வாயைத் திறக்காதவர்கள் அதில் உட்கார்ந்து என்ன கிழித்தார்கள் என்பதையும் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன்.

பயிற்சி பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. மலைமேல் இருந்த ஓர் ஆய்வகத்தில் ஒரு கோடை முழுக்க இருந்தேன். அங்கே இருந்தவர்கள் அதிகம் பேசாதவர்கள், எதை எடுத்துக்கொண்டு போனாலும் "இன்னொரு தடவை அளந்து பார்த்தாயா?" என்று மட்டும் கேட்பார்கள். எரிச்சலாக இருக்கும். ஊர் திரும்பி எங்கள் துறையின் லட்சணத்தைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை தெரிந்தது.

எங்கள் துறை பார்த்துக்கொண்டிருந்தது ஒரு துடிக்கும் விண்மீனை. வானத்தில் கண் சிமிட்டுவது போலத் தெரிகிறதே, அது வேறு. அது நம் காற்று பண்ணுகிற சேட்டை. இது நிஜமாகவே வீங்கிச் சுருங்கும். விண்மீனின் உள்ளே ஹீலியம் அடுக்கு ஒன்று இருக்கிறது. விண்மீன் சுருங்கும்போது அந்த அடுக்கு வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் ஏறி விண்மீன் உப்பும். உப்பியதும் பிடி தளர்ந்து வெப்பம் வெளியேறும், மறுபடி சுருங்கும். கொதிக்கிற சோற்றுப் பானையின் மூடி எழும்பி எழும்பி விழுமே, அந்தக் கதைதான். எங்கள் விண்மீனுக்கு ஒரு சுற்று முடிய இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஒளி சடாரென்று ஏறும், சாவகாசமாக இறங்கும். அந்தத் துடிப்பைத் துல்லியமாக அளந்தால் விண்மீனின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று இங்கிருந்தே சொல்லலாம். வருடக்கணக்கில் அளந்தால் அதற்கு எப்படி வயதாகிறது என்றும் சொல்லலாம்.

அளப்பதுதான் பாடு. விழுப்புரத்து வானம் ஒருநாள் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது. ஜங்ஷன் விளக்கு ஒரு பக்கம், பைபாஸ் விளக்கு ஒரு பக்கம், நடுவில் கரும்புத் தோகை கொளுத்துகிற புகை. பொழுது சாயும்போதே மாடி ஏறிவிட வேண்டும். விண்மீன் எதுவும் முளைக்காத, மேற்கே வெளிச்சம் கரைகிற அந்தச் சில நிமிடங்களில் வெறும் வானத்தைப் படம் எடுப்போம். கேமராவின் எந்த மூலை மங்கல், கண்ணாடியில் எங்கே தூசி என்று அந்த வெற்றுப் படம் காட்டிக்கொடுத்துவிடும். அது இல்லாமல் எடுத்த அளவெல்லாம் குப்பைக்குத்தான் போகும்.

அதற்குப் பிறகு மூன்று விண்மீன்கள். ஒன்று, நாம் பார்க்கிற துடிக்கும் விண்மீன். இரண்டாவது, அதே படத்தில் பக்கத்திலேயே இருக்கிற, ஒளி மாறாத ஒரு விண்மீன். அதற்கு ஒப்பு விண்மீன் என்று பெயர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளப்போம். புகை வந்தால் இரண்டும் சேர்ந்தே மங்கும். வித்தியாசம் அப்படியே இருக்கும். சரி, அந்தப் பக்கத்து ஆள் யோக்கியமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்றாவது, சரிபார்ப்பு விண்மீன். ஒப்பையும் சரிபார்ப்பையும் ஒன்றோடொன்று அளந்தால் வித்தியாசம் கோடு போட்ட மாதிரி நேராகக் கிடக்க வேண்டும். ஒருவன் எவ்வளவு உயரம் எழும்புகிறான் என்று பக்கத்தில் நிற்பவனை வைத்து அளக்கிறோம். பக்கத்தில் நிற்பவனே தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தால் அளவு என்ன ஆகும்? இதைப் புரிந்துகொள்ள டாக்டர் பட்டம் தேவையில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் இது புரியவில்லை.

இங்கேதான் சபாபதி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் துறைத் தலைவர். காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் தன் முகத்தைப் பார்க்கும்படி நிறுத்திவைப்பார். யாராவது பேச ஆரம்பித்தால் பேசுபவரைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தையே பார்ப்பார். எதைச் சொன்னாலும் "சிம்பிள் மேட்டர்ம்மா" என்று தொடங்கி "கான்செப்ட் க்ளியரா?" என்று முடிப்பார். நடுவில் என்ன சொன்னார் என்று யாருக்கும் க்ளியர் ஆகாது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தொலைநோக்கி விழுப்புரத்துக்கு வந்தது அவரால்தான். எத்தனையோ ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து, எத்தனையோ பேரிடம் பல்லைக் காட்டி வாங்கி வந்தார். வாங்கி வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் அவருடைய கோளாறு.

மாடிக்கு வருடத்துக்கு ஒருமுறை ஏறுவார், ஆயுத பூஜைக்கு. ஒரு வருடம் போட்டோகிராபரையும் கூட்டிக்கொண்டு ஏறினார். தொலைநோக்கிக் குழாயின் முன்னால் பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. விரல் பட்டாலே எனக்கு நெஞ்சு பதறும். சார் அதன் நட்டநடுவில் மூன்று விரலால் சந்தனம் தீற்றி, மேலே குங்குமமும் வைத்துவிட்டார்.

"ஐயோ, சார்! கண்ணாடில வைக்காதீங்க! குழாய் மேல வைங்க!" என்று கத்தினேன்.

"ஏம்மா பிலோமினா, உங்க மதத்துல இல்லன்னா கம்முனு இருங்களேன்" என்றார்.

மதத்தில் என்ன இருக்கிறது? என் பக்கத்தில் நின்ற அட்டெண்டர் முருகேசன் தினமும் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர். அவரே தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கண்ணாடியைச் சுத்தம் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்குள் எங்கள் விண்மீன் அந்தப் பருவத்துக்கு மறைந்தே போய்விட்டது. பத்திரிகையில் மட்டும் சார் படம் பளிச்சென்று வந்தது.

எங்கள் துறையில் இன்னொரு வழக்கம் இருந்தது. சார் தன் முனைவர் பட்டத்துக்குப் பார்த்தது அதே துடிக்கும் விண்மீனைத்தான். அவரிடம் ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளைகளும் அதையேதான் பார்ப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் அவர் அந்தக் காலத்தில் கைகாட்டிய ஒப்பு விண்மீனையே எல்லோரும் வைத்துக்கொள்வார்கள். அதைச் சரிபார்ப்பது சாரையே சரிபார்ப்பது மாதிரி ஆகிவிட்டது. குல தெய்வத்துக்கு யாராவது ஆதார் கார்டு கேட்பார்களா? அளவுகள் அங்கங்கே தள்ளாடும்போதெல்லாம் "விழுப்புரம் வானமே அப்படித்தாம்மா" என்று வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவார்.

கலைச்செல்வி அவரிடம் கடைசியாகச் சேர்ந்த மாணவி. கிளியனூர்ப் பெண். அம்மா அஞ்சலை மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், களை வெட்டப் போகிறவர். அப்பா இல்லை. அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் கலை. உதவித்தொகை முடிந்துபோய், ட்யூஷன் எடுத்துத்தான் ஆராய்ச்சியை ஓட்டிக்கொண்டிருந்தாள். வேறொரு கல்லூரியில் அவளை வேலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முனைவர் பட்டம் கையில் இருந்தால் ஜூனில் சேரலாம், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். வேலையில் சேர்ந்த மறுநாளே அம்மாவைக் கொல்லைக்கு அனுப்பப் போவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் காலத்தில்தான் புது கேமரா வந்தது. பழைய கருவி காட்டாத சின்ன அசைவையெல்லாம் அது காட்டியது. பழைய துடிப்பைக் கழித்துப் பார்த்தால் அடியில் இன்னொரு மெல்லிய துடிப்பு இருந்தது. சார் குதித்துவிட்டார். நம் விண்மீன் இரண்டு தாளத்தில் துடிக்கிறது, இது புதிய கண்டுபிடிப்பு என்று கட்டுரை போனது. அதுவே கலையின் ஆய்வேட்டில் மூன்றாவது அதிகாரமாகவும் ஆனது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒரு படி மேலே போய், விழுப்புரம் பேராசிரியர் புதிய நட்சத்திரத்தையே கண்டுபிடித்துவிட்டதாக எழுதினார். அன்று பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், உங்க காலேஜ்ல நட்சத்திரம் கண்டுபுடிச்சிக்கிறாங்களாமே. எந்த ராசிக்கு நல்லதுங்க?"

"கண்டுபுடிச்சவரு ராசிக்கு நல்லதுங்க. சில்லறை குடுங்க" என்றேன்.

சார் பெருமையாக அறிவிப்புப் பலகையில் ஒட்டிய வரைபடத்தின் முன் ஒரு மத்தியானம் சும்மா நின்றேன். அந்த இரண்டாவது துடிப்பின் வடிவம் உறுத்தியது. இந்த ஜாதி விண்மீன்கள் சடாரென்று ஏறி மெதுவாக இறங்கும். இது மெதுவாக ஏறிச் சடாரென்று இறங்கியது. கலையைக் கூப்பிட்டேன்.

"ஏங் கலை, இது ஏன் தலைகீழா கீது?"

"சாரும் அதத்தாங்க மேடம் சொன்னாரு. உலகத்துல இதுவரைக்கும் யாருமே பாக்காததுன்னாரு."

"செக் ஸ்டார் அளந்தியா?"

"இல்லீங்க. நம்ம ஒப்பு ஸ்டாரே போதும், அத வேற அளந்துக்கினு டைம் வேஸ்ட் பண்ணாதேன்னாரு."

"படத்துல அது கீதா இல்லையா?"

"கீதுங்க. எல்லாப் படத்துலயும் கீது."

"அப்ப குந்தி அள. அது ஒண்ண மட்டும் இல்ல, படத்துல எதெல்லாம் தெரியுதோ எல்லாத்தையும் அந்த ஒப்பு ஸ்டாரோட வச்சு அள."

இரண்டு நாள் கழித்து ஆய்வகத்துக்கு வந்தவள், உட்காராமல் நின்றுகொண்டே கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். முகம் வெளுத்திருந்தது. "எல்லாமே துடிக்குதுங்க மேடம்" என்றாள். படத்தில் இருந்த அத்தனை விண்மீனும் ஒரே தாளத்தில், ஒரே நேரத்தில், மெதுவாக ஏறிச் சடாரென்று இறங்கிக்கொண்டிருந்தன. வானத்தில் இருப்பதெல்லாம் கூடிப் பேசிக்கொண்டு ஆடுமா? ஆடியது ஒன்றே ஒன்றுதான், எல்லாவற்றையும் எதை வைத்து அளந்தோமோ அது. சார் கைகாட்டிய ஒப்பு விண்மீனே துடிக்கும் விண்மீன். அது பிரகாசமாகும்போது மற்றதெல்லாம் மங்கினதாகத் தெரிந்திருக்கிறது. வடிவம் தலைகீழானது அதனால்தான்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடிப் பைத்தியமே, நீ நெஜமாவே ஒண்ணக் கண்டுபுடிச்சிக்கிறே. யாருக்கும் தெரியாத துடிக்கிற ஸ்டாரு. என்ன, அது பக்கத்து வீட்டுல இருந்திருக்குது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆய்வேடு போய்ச் சேர்ந்து, தேர்வாளர்கள் நல்ல அறிக்கையும் அனுப்பிவிட்டார்கள். வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம். ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் சாரிடம் போனோம். வரைபடங்களை மேசையில் பரப்பினேன். வழக்கம் போலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முதல் முறையாகக் காகிதத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் எல்லோரையும்விட வேகமாகப் புரிந்தது.

"இது என் தீசிஸ் ஸ்டார்ம்மா" என்றார்.

"ஆமாங்க சார். உங்க தீசிஸ்லயும் இதேதான் துடிச்சிக்கினு இருந்திருக்கும். நாமதான் புகைன்னு சொல்லிக்கினு இருந்தோம்."

"ரிட்டையர் ஆவப் போற நேரத்துல எதுக்கும்மா பேஜாரு பண்றீங்க? உங்களுக்கு எம்மேல கோவம்னா என்னைத் திட்டுங்க. இந்தப் பொண்ணு சோத்துல மண்ணப் போடாதீங்க." கலையிடம் திரும்பினார். "சிம்பிள் மேட்டர்மா. எக்ஸாமினர் பார்த்து ஓகே சொன்னப்புறம் நீயா வாயத் தொறக்காதே. டிகிரி வாங்கு, வேலைல சேரு. இத அப்பால பாத்துக்கலாம். கான்செப்ட் க்ளியரா?"

அந்த "அப்பால" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் துறையில் பல பேர் அப்பால பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த வேலை இன்னும் அலமாரியில் இருக்கிறது. வெளியே வந்ததும் அவர் அறைக் கதவைப் படாரென்று சாத்தினேன். அவ்வளவு ஆத்திரம். தன் பழைய தப்பை மறைக்க ஒரு களை வெட்டுகிறவரின் மகளைக் கேடயமாகப் பிடிக்கிற மனிதரை என்ன சொல்வது?

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கலை கூடவே வந்தாள். திண்டிவனம் பஸ் வந்து நின்ற பிறகுதான் கேட்டாள்.

"மேடம், வைவாக்கு வருவீங்கல்ல?"

"வருவேன்."

"எழுந்து கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேன். தீசிஸ் உன்னுது, வேலையும் உன்னுது. என் பென்ஷன் எதுவும் இதுல போவப் போறதில்ல. உன் சோத்த வச்சு நான் நியாயம் பேச மாட்டேன்."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். என்ன முடிவு பண்ணினாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை.

வாய்மொழித் தேர்வு என்கிற கூத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ரிசல்ட் வருவதற்கு முன்பே கேசரி கிண்டி முடித்திருக்கும் தேர்வு உலகத்திலேயே இது ஒன்றுதான். செலவு தேர்வு எழுதுகிற பிள்ளையுடையது. அன்றும் கேசரி, போண்டா, பூச்செண்டு, வெளித் தேர்வாளருக்கும் சாருக்கும் பொன்னாடை எல்லாம் தயார். கிளியனூரிலிருந்து அஞ்சலை நான்கைந்து உறவுக்காரர்களோடு ஷேர் ஆட்டோவில் வந்து, கடைசி வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வெளித் தேர்வாளர் தெற்கேயிருந்து வந்த வயதானவர். திரும்பிப் போகிற ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டு, பாதிக் கண் மூடியிருந்தார். நல்ல அறிக்கை எழுதி அனுப்பிய கண் அதுதான்.

கலை முதல் இரண்டு அதிகாரங்களைத் தெளிவாகச் சொன்னாள். மூன்றாவது வந்தது. புதிதாக ஒரு படம் திரையில் விழுந்தது. ஒப்பு விண்மீனும் சரிபார்ப்பு விண்மீனும். நேராகக் கிடக்க வேண்டிய கோடு பாம்பு மாதிரி நெளிந்தது.

"ஆய்வேட்டுல மூணாவது அதிகாரம் தப்புங்க சார்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "ரெண்டாவது துடிப்பு நம்ம ஸ்டாரோடது இல்ல. ஒப்பு ஸ்டாரோடது. நான் சரிபார்க்காம எழுதிட்டேன்."

"டைம் ஆவுதும்மா, அடுத்த ஸ்லைடு போடு" என்றார் சபாபதி சார்.

தேர்வாளர் இரண்டு கண்ணையும் திறந்தார். "தள்ளாதீங்க. அது இருக்கட்டும்" என்றார். அரை மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. எந்தெந்த விண்மீனை வைத்து அளந்தாள், வெற்று வானப் படம் எடுத்தாளா, புகை இல்லாத நாளிலும் அப்படித்தானா? எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கடைசியாக, இந்த ஒப்பைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டார். துறையே சாரைப் பார்த்தது. சார் கடிகாரத்தைத் தேடி மேசையைப் பார்த்தார். மேசையில் கடிகாரம் இல்லை, அன்று கையில் கட்டியிருந்தார்.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. கண்டுபிடித்தது நல்ல விஷயம். ஆனால் அச்சில் இருக்கிற ஆய்வேடு தப்பு. அதற்குப் பட்டம் கொடுக்க முடியாது. மூன்றாவது அதிகாரத்தைத் திருத்தி எழுதி ஆறு மாதத்தில் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். ரயிலைப் பிடிக்க அவர் கிளம்பிப் போனார். பூச்செண்டை யாரும் தொடவில்லை. கேசரியை மட்டும் எங்கள் சக பேராசிரியர்கள் விடவில்லை, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

தாழ்வாரத்தில் அஞ்சலை என்னிடம் வந்தார். கலை தூணோரம் நின்றிருந்தாள்.

"டீச்சரம்மா, எம் பொண்ணு பாஸா?"

"இல்லீங்க. ஒரு பாடத்தத் திருப்பி எழுதணும். ஆறு மாசம் ஆவும்."

அஞ்சலை மகளைப் பார்த்தார். "அந்த வேல?"

"போயிடுச்சும்மா."

அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அவ்ளோ தப்பா எழுதிட்டியா?" என்று கேட்டார், கோபமில்லாமல்.

"சார் சொன்னத அப்படியே எழுதினேம்மா. அதான் தப்பு."

அந்த நேரம் பார்த்துச் சபாபதி சார், மடிப்புக் கலையாத பொன்னாடைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அஞ்சலை அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இவரும் பெயிலாம்மா?"

"ஆமாங்க. ரொம்ப வருசத்துக்கு முன்னாடியே. இன்னிக்குத்தான் ரிசல்ட் வந்துச்சு" என்றேன்.